பனை வரைவது சுலபம்

பனை மரம் ஒன்றை வரைய எனக்கு நான்கு நிமிடம் போதும். கணினியில் ஓர் ஓலையை வரைந்து, அதன் காம்படியைச் சுழல்புள்ளியாகப் பிடித்துக்கொண்டு, இருபது பாகைக்கு ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் பிரதி எடுக்க வேண்டும். அடியில் விழும் மூன்று நான்கை அழித்துவிட்டால் தலை தயார். கீழே நெடிய கறுப்புத் தண்டு, பின்னால் செம்மஞ்சள் வட்டம், முடிந்தது. கடந்த பத்து வருடங்களில் இப்படி எத்தனை பனைகளை விற்றிருப்பேன் என்று ஒருநாள் பழைய கோப்புகளைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பனங்கட்டி விற்பவருக்கு ஒன்று; அதில் பிழையில்லை. விளையாட்டுக் கழகத்தின் மேற்சட்டைக்கு ஒன்று. திருமண மண்டபத்துக்கு ஒன்று. வாகன உதிரிப்பாகக் கடைக்கு ஒன்று. அவர் ஏன் கேட்டார், நான் ஏன் கொடுத்தேன் என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது. வெளிநாடுகளில் ஒன்றுகூடல் நடத்தும் பழைய மாணவர் சங்கங்களுக்கு மட்டும் ஐந்தாறு. முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

எண்ண வைத்தவர் ஓர் அரிசி ஆலைக்காரர். கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடு வாய்க்கால் பாயும் குடியேற்றக் கிராமம் ஒன்றில் அவருடைய மில் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, குற்றி விற்கிற சாதாரண மில். இதுவரை அவர்களுடைய அரிசி வெள்ளை உரப்பையில்தான் வெளியே போனது. நீல மையில் மில்லின் பெயர், அதை இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்த மாதிரி வளைந்த நெற்கதிர்கள். அந்தக் கதிர்கள் இந்த நாட்டில் எத்தனை மில்களுக்குச் சொந்தம் என்பதை எந்த அரிசிக் கடைக்குள்ளும் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் அறியலாம். மகன் கொழும்பில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஐந்து கிலோப் பை, வெள்ளவத்தைக் கடைகள், பிறகு லண்டன், ரொறன்ரோ என்று அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ரீபிராண்டிங் என்ற சொல்லை முதல் தொலைபேசி அழைப்பிலேயே ஏழெட்டுத் தடவை சொன்னார். ஒரு படம் வேண்டும், வெக்டராக வேண்டும், பையில் போட்டாலும் லொறியின் பக்கத்தில் போட்டாலும் உடையக்கூடாது, பார்த்தவுடன் ஊர் ஞாபகம் வரவேண்டும்.

ஊர் ஞாபகம் என்றதும் என் கை தானாகவே பனைக்குப் போய்விட்டது. நெல்வயலை மூன்று அலைக்கோடுகளாக்கி, அதற்குமேல் பனை, பின்னால் சூரியன். அன்று மாலையே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மகனிடமிருந்து வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. மறுநாள் முற்பணமும் வந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சுகமாக முடிந்த வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, அச்சுக்குக் கொடுக்குமுன் ஐயாவிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று மகன் சொன்னதால் மில்லுக்குப் போனேன். படத்தைத் தடித்த தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். ஐயா கையில் இருந்த தவிட்டைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். தாளைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, மறுபடியும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“வடிவாக இருக்கிறது, தம்பி. இது எந்த இடம்?”

“இங்கேதான், ஐயா. நம்முடைய வன்னி.”

“நம்முடைய வயலில் பனை எங்கே நிற்கிறது?”

அவர் குத்தலாகக் கேட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் உண்மையாகவே தேடினார். மில்லின் வாசலுக்கு வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, வயல் முடிகிற இடம்வரை இடமிருந்து வலமாகப் பார்த்தார். தான் கவனிக்காமல் விட்ட பனை ஏதாவது அங்கே நிற்கக்கூடும், படித்த பெடியன் பொய்யாக வரைந்திருக்க மாட்டான் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. நானும் அவரோடு சேர்ந்து பார்த்தேன். வாய்க்கால், வரம்பு, மின்கம்பங்கள், தூரத்தில் காடு. பனை இல்லை.

மகன் விடவில்லை. பளைப் பக்கம் போனால் பனங்காடு இல்லையா, பூநகரியில் பனையோடு பனையாகத்தானே மொட்டைக்கறுப்பன் நெல் விளைகிறது, அதுவும் இதே மாவட்டம்தானே என்று கேட்டார். எல்லாம் சரியான கேள்விகள். “வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் பனையைக் கண்டால்தான் ஊர், அப்பா” என்றும் சொன்னார். அதுவும் சரிதான். ஐயா எதையும் மறுக்கவில்லை. “என்னுடைய அப்பு தீவுப் பகுதியிலிருந்து இங்கே வந்தவர். அங்கே பனை இருந்தது. தண்ணீர்தான் இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். அவித்த நெல்லைக் கிளற யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

இரண்டு மலையும் ஒரு சூரியனும்

அன்று இரவு நித்திரை வரவில்லை. கோபமாகத்தான் இருந்தது. நான்கு நிமிடப் படத்துக்கு வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் அந்தக் கோபத்துக்குள் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

பனை என்னுடைய மரமே இல்லை. என் தாத்தா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டுக் குடியிருந்தவர்களில் ஒருவர். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அப்பப்பா, அம்மப்பா என்றபோது நான் மட்டும் தாத்தா என்பேன். பிறகு வெளியில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் என்று பழகிக்கொண்டேன். இதைப் படிக்கிற எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சித்திர பாடத்தில் எங்கள் கிராமம் என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே படத்தைத்தான் வரைவோம். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் சிரிக்கிற சூரியன், மலையிலிருந்து நெளிந்து இறங்கும் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு பனை. வன்னி தட்டையான பூமி. குளக்கட்டில் ஏறி நிற்பதுதான் எங்களுக்கு மலையேற்றம். இருந்தாலும் எந்த ஆசிரியரும் மலை எங்கேயடா இருக்கிறது என்று கேட்டதில்லை. புள்ளி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்த மலைக்கு ஒரு நியாயம் இருந்தது. தாத்தா என் சித்திரக் கொப்பியை வாங்கி, மலையில் விரல் வைத்து, “இதிலே தேயிலை எங்கே?” என்று கேட்டிருக்கிறார். அப்போதும் நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்த இரவில் யோசித்துப் பார்த்தால், இரண்டு கிழவர்களும் இருபத்தைந்து வருட இடைவெளியில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஏன் பனை என்பதற்கு வடக்கின் அடையாளம், கற்பகதரு என்று நாங்கள் பெரிய விடைகள் வைத்திருக்கிறோம். என் சந்தேகம் கொஞ்சம் மலிவானது. பனை வரைய வசதியாக இருக்கிறது. நேரான தண்டு, வட்டத் தலை. தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் பனைதான். கறுப்பு நிழலாகப் போட்டாலும் பனைதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்தாலும் பனைதான். வன்னிக் காட்டின் பாலையும் வீரையும் முதிரையும் அப்படி இல்லை. அவற்றைச் சுருக்கினால் மரம் என்று மட்டும்தான் தெரியும், என்ன மரம் என்று தெரியாது. வரையச் சுலபமானது சின்னமாகி, சின்னமானது ஊராகிவிட்டது என்றால், எங்கள் ஊரைத் தீர்மானித்ததில் என்னைப் போன்ற சோம்பேறிக் கைகளுக்கு எவ்வளவு பங்கு?

பாலையடி

இரண்டு நாள் கழித்து நானே ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் வயலில் நிற்கிற மரம் எது என்று கேட்டேன். “வந்து பார்” என்றார்.

அது ஆனி மாதம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஐயாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வாய்க்கால் கரையாலேயே போனோம். துருசு ஒன்றைத் தாண்டியதும் வரம்பு மூலையில் ஒற்றையாக ஒரு பாலை நின்றது. தமிழ்நாட்டு வாசகர்கள் பாலை என்றதும் இலக்கியத்தின் வறண்ட நிலத்தை நினைக்கக்கூடும். எங்கள் பாலை எந்த வறட்சியிலும் பச்சை மாறாமல் நிற்கிற மரம். உங்கள் பக்கத்தில் உலக்கைப் பாலை என்பீர்கள். அடிமரம் கறுத்து, ஆழ வெடித்து, முதலைத் தோல் மாதிரி இருந்தது. கீழே மஞ்சள் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. பாலைப்பழக் காலத்தில் வீதியோரம் பேணியால் அளந்து விற்பார்கள். காட்டுக்குள் கரடியும் இதற்குத்தான் அலையும். நாலைந்து பழம் தின்றேன். பால் ஒட்டி உதடு இரண்டும் பிசுபிசுத்துப்போனதால் சிறிது நேரம் பேச முடியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. ஐயா பேசினார்.

காடு வெட்டிய காலத்தில் இந்தப் பாலையை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். தெய்வம், நேர்த்தி, பாம்பு என்று ஏதாவது வரும், அதை அப்படியே விற்பனைக் குறிப்பில் எழுதிவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்காமலே அவர் சொன்னார். அப்புவின் கோடரி இந்த மரத்தில் ஏறவில்லையாம். அவ்வளவு வைரம். மினக்கெட நேரமில்லை, விதைப்புக் காலம் நெருங்கிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டார்களாம். அடுத்த வருடம் வந்தபோது எல்லோரும் மத்தியானச் சோற்றை இதன் கீழே வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார்கள். பிறகு யாரும் கோடரியைப் பற்றிக் கதைக்கவில்லை.

மரத்தைச் சுற்றி வந்து படம் எடுத்தேன். ஒரு பக்கம் கிளைகள் அடர்ந்து தாழ்ந்திருந்தன. மறுபக்கத்தில் பெரிய கவர்க்கிளை ஒன்று அடியோடு இல்லை. அந்த இடத்தில் மரம் ஆறி, உதடு குவித்த மாதிரி ஒரு தழும்பு. என் கண் அங்கேயே நின்றுவிட்டது. இந்த மண்ணில் பாதி இல்லாத ஒரு மரத்தைப் பார்த்தால் என்ன நினைப்போமோ அதையே நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

“ஷெல்லா, ஐயா?”

அவர் தழும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இல்லை, தம்பி. நான்தான் வெட்டினேன். எண்பத்தாறாம் ஆண்டு வீடு போட்டபோது கப்புக்கு. மூன்று நாள் வெட்டினோம்.”

பிறகு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நெல் சீராகப் பச்சைபிடித்து நின்ற ஓர் இடத்தைக் காட்டி, “ஷெல் விழுந்தது அங்கே” என்றார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அந்த நிமிடத்தைப் பல தடவை திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். நான் வெளியூர்க்காரன் இல்லை. 2009இல் எனக்குப் பதினெட்டு வயது. எது எங்கே விழுந்தது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்படிப்பட்ட எனக்கே ஒரு தழும்பைக் கண்டவுடன் ஆயத்தமாக ஒரு விடை வாயில் வந்து நின்றது, ஊர் என்றதும் பனை வந்த அதே வேகத்தில். இரண்டும் பொய் இல்லை. இரண்டும் இந்த மண்ணில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அந்த மரத்தைப் பார்க்குமுன்பே என்னிடம் அந்த மரத்தின் கதை இருந்தது. ஒரு மனிதர் மூன்று நாள் கோடரி போட்டு, வியர்வை வடித்து, தன் பிள்ளைகளுக்கு வீடு கட்டிய கதைக்கு அதில் இடமே இருக்கவில்லை. கூரை தாங்கிய அந்தக் கப்புகள் இன்னும் நிற்கின்றனவா என்று கேட்டேன். வீட்டுக் கூரை போய்விட்டது, சுவர் போய்விட்டது, கப்பில் இரண்டு மட்டும் இப்போது மாட்டுக்கொட்டிலில் நிற்கின்றன என்றார். திரும்பும்போது காட்டினார். அவற்றில் கன்றுக்குட்டி ஒன்று கட்டியிருந்தது.

கார் வளைவு

இனி வேலையைப் பற்றி. பாலையைக் கைபேசியில் எடுத்துவந்து, படத்தைத் தானாகக் கோடாக்கும் வசதியில் போட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்போது சிரிப்பார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் புள்ளிகள் கிடைத்தன. ஒவ்வோர் இலையிடுக்கும் ஒரு தனித் தீவு. இந்தக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினால் தட்டு செய்கிறவர் என்னைத் தேடி வந்து அடிப்பார். அழித்தேன். பென் டூலை எடுத்துக்கொண்டு கையால் தொடங்கினேன்.

வெக்டர் படத்துக்குள் இருப்பது வெறும் கணக்கு. இரண்டு முனைப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. கைப்பிடியை இழுத்தால் நடுவில் உள்ள கோடு வளையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கணக்கு மாறாது என்பதால்தான் படம் உடைவதில்லை. இதைப் பெசியே வளைவு என்பார்கள். பியர் பெசியே ரெனோ கார் நிறுவனத்தின் பொறியியலாளர். 1960களில் காரின் உடம்பை வடிவமைக்க இந்த வளைவைப் பயன்படுத்தி, உலகத்துக்கும் அறிமுகப்படுத்தினார். உண்மையில் போட்டி நிறுவனமான சித்ரோனில் போல் து காஸ்தெல்ஜோ என்பவர் 1959இலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். நிறுவனம் அதை இரகசியமாக வைத்திருந்ததால் பெயர் மற்றவருக்குப் போய்விட்டது. 1987இல் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருள் வந்து அதே வளைவைப் படம் வரைகிறவர்களின் கையில் கொடுத்தது. நான் 2011இல் வவுனியாவில் ஓர் அச்சகத்தில் கோரல் டிராவில் தொழில் பழகியபோது, கல்யாண அட்டையின் மாவிலைத் தோரணத்தைக்கூட இந்தக் கார் வளைவில்தான் இழுத்தேன். அன்றைக்கு அது தெரியாது.

தெரிந்த பிறகு ஒரு விஷயம் புரிந்தது. இந்த வளைவுக்கு வழுவழுப்பில்தான் ஆசை. கையை விட்டால் எல்லாவற்றையும் காரின் முன்மூடி மாதிரி ஆக்கிவிடும். பனையின் ஓலைக்கு அது பொருந்துகிறது. பாலை அதற்கு எதிரான மரம். முடிச்சும் கோணலும் வெடிப்பும்தான் அதன் உடம்பு. முதல் பிரதியில் கிளைத் திரள்களை அழகாக உருட்டி உருட்டி வரைந்து மகனுக்கு அனுப்பினேன். “அண்ணை, இது பூக்கோவா மாதிரி இருக்கிறது” என்று பதில் வந்தது. உண்மை. இரண்டாவது பிரதி காப்புறுதி நிறுவனத்தின் மரம் போல இருந்தது. மூன்றாவதில் இலைகளைத் தனித்தனியாக வரைந்தேன். நுனியில் சிறு பள்ளம் விழுந்த அந்த இலை மிக அழகானது. திரையில் பார்த்து நானே மயங்கிப்போனேன். அதை இரண்டு சென்றிமீற்றருக்குச் சுருக்கியதும் சேறு.

பைக்கு அச்சடிக்கிறவரும் தன் பங்குக்குக் கைகட்டிப் போட்டார். பொலிப்புரொப்பிலின் இழையில் நெய்த பை காகிதம் மாதிரி இல்லை. இறப்பர் தட்டிலிருந்து மை அழுந்தும்போது கொஞ்சம் பரவும், நெசவின் மேடு பள்ளத்தில் நெளியும். மெல்லிய இடைவெளி எல்லாம் அடைபட்டுவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் காசு. இரண்டு நிறம் ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாக உட்காரும் என்று நம்பக்கூடாது. ஆகவே இரண்டே நிறம், கறுப்பை ஒட்டிய பச்சையும் செங்கல் நிறமும், ஒன்றையொன்று தொடாமல். எழுத்துகளையும் கோடுகளாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். முன்பொரு தடவை பாமினி எழுத்துருவை அப்படியே விட்டு அனுப்பி, எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லாமல், ஒரு பலசரக்குக் கடையின் பெயர் ஆங்கிலக் குப்பையாக ஐந்நூறு பைகளில் அச்சானது. அந்தப் பைகள் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன.

பதினொன்றாவது பிரதியில் மரம் வந்தது. தழும்பு இருந்த பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். அதுவரை படத்தின் சமநிலைக்காக, இல்லாத கவரை நானே வரைந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். அன்று அதை அழித்தேன். மரம் ஒரு பக்கமாகச் சரிந்து, மறுபக்கம் வெறுமையாகி, வெட்டிய குற்றி ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. உடனே அது ஏதோ ஒரு மரமாக இருப்பதை நிறுத்திவிட்டது. சுருக்கிப் பார்த்தேன். பெருவிரல் நகம் அளவிலும் அந்தக் கோணல் தெரிந்தது. கிளைத் திரள்களுக்கு இடையில் ஐந்து பெரிய வெளிச்ச ஓட்டைகளை மட்டும் விட்டேன். அடிமரத்தின் வெடிப்புக்கு மூன்று ஆப்பு வடிவ வெட்டு. வளைவுகளைக் கூர்முனையில் முறித்தேன். மொத்தம் நூற்று நாற்பத்தாறு புள்ளிகள். எந்தப் புள்ளியையும் எடுத்தால் குறையும், சேர்த்தால் கூடும் என்று சொல்லும் அளவுக்குத் திமிராக இருந்தது.

பெயர் எழுத்து வலப்பக்கம் வரவேண்டியிருந்ததால் கடைசியில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? மில்லில் எல்லோருக்கும் காட்டியபோது ஐயா தலையாட்டினார். மகன் கட்டைவிரலை உயர்த்தினார். கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாலை மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறதே” என்றார். ஒரு கணம் எனக்கு மூச்சு நின்றது. பையின் முழு அமைப்பையும் மாற்றவேண்டும் என்று மனதுக்குள் மணித்தியாலக் கணக்கு ஓடத் தொடங்கியது. ஐயா மறுபடியும் தாளை வாங்கித் தள்ளிப் பிடித்தார்.

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் இப்படித்தானே தெரியும்” என்றார்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓம், அதுவும் சரிதான்” என்று மறுபடியும் கல் பொறுக்கப் போனார்.

பனை மறுபடியும்

உலக்கைப் பாலை என்ற பெயரைக் கண்டுபிடித்தபோது மகனுக்குப் பெரிய சந்தோஷம். அரிசி, உலக்கை, பாலை என்று ஒரு பக்கத்துக்கு விற்பனைக் கதை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதற்குத் தனிக் காசு. கோடரி ஏறாததால் தப்பிய மரம் என்ற கதையை அவர் வேண்டாம் என்றுவிட்டார். வாங்குகிறவர்கள் அரிசியும் வேகாது என்று நினைத்துவிடுவார்களாம். நியாயமான கவலைதான்.

உள்ளூர்ப் பை பாலையோடு வெளிவந்தது. கிளிநொச்சிச் சந்தையில் ஒருநாள் மூடைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். பத்து மரங்கள் ஒரே பக்கம் சரிந்து நின்றன. மில் இருக்கும் கிராமத்தைத் தெரிந்தவர்கள் பார்த்தால் எந்த மரம் என்று சொல்லிவிடுவார்கள். தெரியாதவர்களுக்கு அது ஒரு மரம். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. நூறு பேர் ஒரு நொடியில் அடையாளம் காணும் பொய்யான படமும், பத்துப் பேர் மட்டும் அடையாளம் காணும் உண்மையான படமும் இருந்தால், பணம் கொடுக்கிற ஒருவருக்கு எதைக் கொடுப்பது நேர்மை? அவருக்கு விற்பனை வேண்டும். எனக்கு அந்த வரம்பு மூலையில் நின்றபோது ஏற்பட்ட வெட்கம் தீரவேண்டும். என் வெட்கத்தின் செலவை அவருடைய பையில் ஏற்றிவிட்டேனோ என்று சில நாட்களில் தோன்றும். ஐயா கேட்ட கேள்விக்கு வேறு எப்படித்தான் பதில் சொல்லியிருக்க முடியும் என்று வேறு சில நாட்களில் தோன்றும்.

மூன்று மாதம் கழித்து மகன் தொலைபேசி எடுத்தார். ரொறன்ரோவில் அரிசி எடுக்க ஒருவர் சம்மதித்துவிட்டார், ஆனால் பையில் பனை இருந்தால் நல்லது என்று சொல்கிறார், பழைய கோப்பு இருக்கிறதா என்று கேட்டார். குரலில் சங்கடம் தெரிந்தது. “ஐயாவுக்குத் தெரியுமா?” என்றேன். “அப்பா ஓம் என்றுவிட்டார். அங்கே இருக்கிறவர்கள் பனையை விட்டுவிட்டுப் போனவர்கள்தானே என்கிறார்.” மறுபேச்சுப் பேச என்னிடம் எதுவும் இல்லை. கோப்பைத் திறந்தேன். அலைக்கோட்டு வயல், சூரியன், நான்கு நிமிடப் பனை. இம்முறை அதை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. பூநகரிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு பனையைத் தேர்ந்தெடுத்து, காவோலை தொங்குகிற அந்தத் தலையைப் பார்த்து மறுபடி வரைந்தேன். சுழற்றிப் பிரதி எடுக்காமல் ஒவ்வோர் ஓலையாக. இரண்டு நாள் ஆயிற்று. பழைய விலைதான் வாங்கினேன். மகன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன வித்தியாசம், அண்ணை?” என்று கேட்டார்.

மில்லிலிருந்து மாதிரிக்கு என்று இருபத்தைந்து கிலோ மூடை ஒன்றை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தாத்தாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. கண் மங்கல், கை மங்கவில்லை. மூடையைக் கூடத்தில் வைத்து, பாலை மரம் தெரிகிற பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி, இது நான் வரைந்தது என்றேன். அவர் படத்தின்மேல் கையை வைத்துத் தடவினார். நெசவைத்தான் பார்க்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. விரலால் இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்துக்குக் காட்டினார். வாய்த் தையலில் நூலின் எந்த முனை ஓடும் என்று தேடிப் பிடித்து ஒரே இழுப்பு. தையல் முழுவதும் கையோடு வந்தது. நூலைச் சுருட்டித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அம்மா அரிசியை வாளியில் கொட்டியதும், பையை உதறி, மரம் உள்ளே போகும்படி நான்காக மடித்து, கட்டிலுக்குக் கீழே மற்றப் பைகளோடு வைத்தார்.

“நல்ல சாமான். கூரைக்கு ஆகும்” என்றார்.